திரையில் வந்த தம்பி

மரபியல் ஆலோசகரான என்னிடம் முன்பெல்லாம் பரம்பரை நோய் பற்றிக் கேட்கத்தான் வருவார்கள். சில ஆண்டுகளாக இன்னொரு கூட்டமும் வருகிறது. பணி ஓய்வுக்குப் பிறகு வம்சாவளி எழுத உட்கார்ந்தவர்கள். அப்புறம் பேரப்பிள்ளைகள் சொன்னார்களென்று டிஎன்ஏ பரிசோதனைக்கு எச்சில் கொடுத்திருப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவர் 'நெருங்கிய உறவு' என்று திரையில் வந்து நிற்க, தூக்கம் கெட்டு இங்கே வருவார்கள்.

அப்படி வந்தவர் ஒரு 68 வயது அம்மா. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவருக்குக் கிடைத்த பொருத்தம் 47 வயது ஆண், 1,760 சென்டிமார்கன். 'தாய் அல்லது தந்தை ஒருவர் மட்டும் பொதுவான உடன்பிறப்பாகவோ, வேறு நெருங்கிய உறவாகவோ இருக்கலாம்' என்று தளம் சொன்னது. அவர் முதல் பாதியோடு படிப்பதை நிறுத்திவிட்டார். அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. தன்னைப் பெற்ற தாயின் பக்கம் அவருக்குச் சந்தேகமே எழவில்லை என்பதையும் கவனித்தேன். குற்றவாளியை முதலில் முடிவுசெய்துவிட்டுத்தான் நம்மில் பலர் கணக்குப் பார்க்கிறோம்.

சென்டிமார்கன் என்பது இரண்டு பேரின் டிஎன்ஏவில் ஒன்றுபோலிருக்கும் பகுதிகளை அளக்கும் அலகு. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே அது சுமார் 3,400-க்கு மேல் இருக்கும். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்களுக்குச் சராசரியாக 2,600. சிக்கலே 1,750-ஐ ஒட்டி வரும் எண்ணில்தான். தாயோ தந்தையோ வேறான உடன்பிறப்புக்கும், தாத்தா பேரனுக்கும், அத்தைக்கும் அவருடைய சகோதரர் மகனுக்கும் ஏறக்குறைய அதே எண்தான் வரும். எண்ணை வைத்து மட்டும் உறவுக்குப் பெயர் வைக்க முடியாது.

அந்த மனிதரின் மற்றப் பொருத்தங்களைப் பார்க்கச் சொன்னேன். இந்த அம்மாவுடைய தந்தை வழிச் சொந்தங்களோடு அவர் பொருந்தினார். சரி, தாய் வழிச் சொந்தங்களோடும் பொருந்தினார்! அப்பாவுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்தவர் என்றால் இது நடக்காது. இரண்டு வழியும் அவருக்குள் இருக்கிறது என்றால், அவர் இந்த அம்மாவின் கூடப்பிறந்த யாரோ ஒருவரின் பிள்ளை. கூடப்பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன்தான், அவரும் இறந்து 23 ஆண்டுகள் ஆகின்றன. அண்ணன் மகளிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே அவருக்கும் பரிசோதனை செய்தோம். அந்த மனிதரோடு 1,700-ஐ ஒட்டி வந்தது, தந்தை மட்டும் பொதுவான உடன்பிறப்புக்கு வரும் அளவு. திரையில் வந்த தம்பி அண்ணன் மகனாகிவிட்டார்.

பொருத்தம் வராவிட்டால் உறவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். எள்ளுத்தாத்தா அளவில் ஒன்றுசேரும் இருவரை எடுத்துக்கொண்டால், சுமார் 10 ஜோடிகளில் ஒன்றுக்குப் பரிசோதனையில் தெரியும்படியான பொதுப் பகுதி எதுவுமே இருக்காது.

நீங்கள் எச்சில் கொடுப்பது உங்களுக்காக மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பல ஆண்டுகளாகப் பிடிபடாத கொலையாளி ஒருவர் 2018-இல் சிக்கியது, தூரத்து உறவினர்கள் ஜெட்மேட்ச் என்ற தளத்தில் ஏற்றியிருந்த டிஎன்ஏ வழியாகத்தான். 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ பரிசோதனை நிறுவனத்தில் 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனுவும் கொடுத்தது. உறவினர்களைக் காட்டும் வசதியை அணைத்து வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எதிர்பாராத பெயரைத் தாங்க முடியாது என்று தோன்றினால் அதை அணைத்தே வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், பொருந்தியவருக்கு அனுப்பும் அந்த முதல் செய்தி. இந்த வேலையில் நான் அதிகம் சண்டை போடுவது இதற்காகத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு நான்கு பக்கம் எழுதி, அப்பாவின் பெயர், புகைப்படம், குற்றச்சாட்டு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் தான் தத்துப்பிள்ளை என்பதே தெரியாதவராக இருக்கலாம். விந்தணு தானத்தால் பிறந்திருக்கலாம், பெற்றோர் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆகவே நான்கு வரி போதும்: நான் யார், எந்தத் தளத்தில் பொருந்தினோம், பேச விருப்பமா, விருப்பமில்லை என்றாலும் பரவாயில்லை. பதில் வராவிட்டால் சில மாதம் கழித்து ஒருமுறை கேட்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இந்த அம்மா 'அன்புள்ள தம்பிக்கு' என்று முன்பு எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தைக் கிழித்தார். புதிதாக நான்கு வரி அனுப்பினார். அண்ணியிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அண்ணன் மகளிடமே விட்டுவிட்டார். அவர் இன்னும் சொல்லவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. படம் கேட்கவில்லை, கதை கேட்கவில்லை. 'அவருக்கு என்ன நோய் இருந்தது, எந்த வயதில்?' என்று மட்டும் கேட்டிருந்தார். மருத்துவமனைப் படிவங்களில் அப்பா பற்றிய கட்டத்தை இத்தனை வருடமும் காலியாகவே விட்டவர். அண்ணன் 51 வயதில் மாரடைப்பில் போனவர். தந்தைக்கு 55 வயதுக்கு முன்பே இதய நோய் என்றால் மருத்துவர்கள் அதைத் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். அம்மா அதை எழுதி அனுப்பினார். அந்த வாரமே இதயப் பரிசோதனைக்கு நாள் வாங்கிவிட்டதாக மறு செய்தி வந்தது. அதில் அவரை 'அத்தை' என்று விளித்திருந்தார்.