பொறிக்கு எதிரி குளிர் அல்ல, ஈரம்

பனிக்காலத்தில்தான் நரியின் ரோமம் அடர்ந்து வளர்ந்து நல்ல விலைக்குப் போகும். அதனால் அமெரிக்காவின் மின்னசோட்டா, அலாஸ்கா, கனடா பக்கமெல்லாம் ரோமத்துக்காகப் பொறி வைப்பவர்களுக்குக் கடுங்குளிர்தான் தொழில் காலம். ஆனால் அதே குளிரில் பொறியும் உறைந்து கிடக்கும். (விலங்கின் காலைக் கவ்வும் இந்தக் கால் பொறிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 1995 முதல் தடை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்டையே குற்றம்.)

கால் பொறியைச் சிறு குழியில் வைத்து, மேலே விரற்கடை அளவு மண் தூவி மறைப்பார்கள். நடுவில் உள்ள தட்டை நரி மிதித்தால் கொக்கி விலகும், ஸ்பிரிங் இரண்டு இரும்புத் தாடைகளையும் மூடும். மண் உறைந்தால் தட்டு இறங்காது. மேல்மண்ணும் ஒரே ஓடாக இறுகிவிடும், நரி அதன்மேல் நடந்தே போய்விடும். பாதி உறைந்த பொறி இன்னும் மோசம். மெதுவாக மூடி, விரல் நுனியை மட்டும் கவ்விக் காயப்படுத்தும்.

மைனஸ் 30 டிகிரியில் தொல்லை குறைவு என்றால் நம்புவீர்களா? அந்தக் குளிரில் பனி மாவாக உலர்ந்து கிடக்கும், கசிய நீர் இருக்காது. பூஜ்ஜியத்தை ஒட்டிய நாட்களில்தான் வினை. பகலில் உருகிய நீர் பொறிக்குள் இறங்கும், இரவில் உறையும். போதாததற்கு, உறையும் மண் அடியிலிருக்கும் ஈரத்தையும் நுண்துளைகள் வழியே மேலே இழுக்கும். வண்டல் மண்ணில் இது அதிகம்.

உப்பு போடுவது பழைய வழி. கரைந்த உப்பு, நீர் மூலக்கூறுகள் பனிப்படிகமாகக் கூடுவதைக் கடினமாக்கும். சாப்பாட்டு உப்புக் கரைசல் மைனஸ் 21 டிகிரி வரை தாங்கும், கால்சியம் குளோரைடு என்ற இன்னொரு உப்பு ஏறக்குறைய மைனஸ் 50 வரை. ஆனால் அது சரியான செறிவில் மட்டும்தான். பனி உருகிக் கரைசல் நீர்த்துப்போனால், உறைநிலை மறுபடி பூஜ்ஜியத்தை நோக்கி ஏறும். அப்புறம் துரு வேறு. கால்சியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். துருவுக்குப் பயந்தவர்கள் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற எளிதில் உறையாத திரவத்தைத் தெளிப்பார்கள். பாதிக்குப் பாதி நீர் கலந்தால் மைனஸ் 30-க்கும் கீழே தாங்கும். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்காலைத் தொடவே கூடாது. இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், நக்கினால் சிறுநீரகம் போய்விடும்.

என்னைக் கேட்டால், மெழுகு மண்தான் கெட்டிக்கார வழி. நன்றாகக் காய்ந்த மண்ணில் பாரஃபின் மெழுகுத் துருவலைக் கலந்து சூடாக்கினால், 60 டிகிரி வாக்கில் மெழுகு உருகி ஒவ்வொரு மண் துகளிலும் பூசிக்கொள்ளும். அதில் நீர் விட்டால் முத்துமுத்தாக நிற்கும், உள்ளே இறங்காது. உறைய நீர் இல்லையென்றால் எவ்வளவு குளிரானாலும் மண் பொலபொலவென்று இருக்கும். மேலே மட்டும் தூவினால் பயனில்லை. குழியின் அடியிலும் பக்கவாட்டிலும் போட வேண்டும், இல்லாவிட்டால் கீழிருந்து ஏறும் ஈரம் தாடைகளைப் பிடித்துக்கொள்ளும். தட்டுக்கு அடியில் மண் புகாமல் கொஞ்சம் ஸ்பாஞ்சும் செருகுவார்கள். பள்ளத்தில் வைத்தால் மெழுகாலும் முடியாது. தேங்கும் நீர் இடுக்குகளில் புகுந்துவிடும்.

நீரில் வாழும் கொறிவிலங்கான பீவரைப் பிடிப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி, அந்த நீர் அடியில் தங்கிவிடும், அதனால் பனித்தகட்டுக்கு அடியில் குளம் உறையாமல் இருக்கும், அதில் மூழ்கிய பொறியும் அப்படியே. பொறியைத் தொங்கவிட்ட கம்புதான் பனியில் இறுகிப்போகும். அதை எடுக்கக் கோடாலி வேண்டும்.