கூரையில் சோலார்: முன்பணம் கொடுக்கும் முன் மின் இணைப்பைப் பாருங்கள்

வீட்டுக் கூரையில் சோலார் தகடு பொருத்த மத்திய அரசு மானியம் தருகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம் அது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000. மேடையில் பேசுகிறவர்கள் இத்துடன் முடித்துக்கொள்கிறார்கள். மக்கள் அலைக்கழிக்கப்படுவது இதற்குப் பிறகுதான்.

முதலில், மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இணைப்பு இறந்துபோன அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோதான் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பணம் வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி, மானியம் என்றதும் எழுகிறது. பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்று கேட்பார்கள். அதற்குத் தாலுகா அலுவலகம் போனால், வெளியூரில் இருக்கும் தம்பியின் ஆதார் எங்கே என்பார்கள். இந்த அலைச்சலுக்கு நடுவே சோலார்காரருக்குக் கொடுத்த முன்பணம் முடங்கிக் கிடக்கும். எனவே பெயர் மாற்றம் முடியாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கும் அதே ஆள் பெயரில் இருக்கட்டும். இனிஷியல் முன்னும் பின்னுமாக இருந்தால்கூட இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

இணைப்பு வீட்டு உபயோகக் கட்டணத்தில் இருக்க வேண்டும். முன்னறையில் கடை வைத்து, வீட்டுக்கும் சேர்த்து வணிக மீட்டர் ஓடினால் மானியம் கிடையாது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொந்தக் கூரை இல்லாதவர்களுக்கும் இந்தத் திட்டம் பெரும்பாலும் எட்டாது. இதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

அடுத்து, பணம். "அரசே போட்டுத் தருகிறது" என்று தொலைபேசியில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முழுச் செலவையும் முதலில் நீங்கள்தான் ஏற்க வேண்டும். கையில் இல்லையென்றால் 3 கிலோவாட் வரை பிணை இல்லாத வங்கிக் கடன் உண்டு. வேலை முடிந்து, மின்வாரியம் சோதித்து, நெட் மீட்டர் (நீங்கள் எடுக்கும் மின்சாரத்தையும் மின்வாரியத்துக்கு அனுப்பும் மின்சாரத்தையும் தனித்தனியே கணக்கிடும் மீட்டர்) பொருத்தி, அதைத் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்த பிறகே மானியம் உங்கள் கணக்குக்கு வரும். அது விற்பனையாளர் கணக்குக்குப் போகாது. மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் போதும் என்று சொல்பவரிடம் எதையும் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஓ.டி.பி. எண்ணையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

விற்பனையாளரின் பெயர் திட்டத்தின் இணையதளப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். தகடு மட்டுமல்ல, அதற்குள் வெயிலை மின்சாரமாக்கும் 'செல்' என்ற சிறு பகுதிகளும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று வெளிநாட்டுத் தகட்டை மாட்டிவிட்டால் மானியம் போயிற்று. தகட்டின் திறன், அது தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரின் திறன் இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம். 3 கிலோவாட் தகட்டுக்கு 2 கிலோவாட் இன்வெர்ட்டரை மாட்டிவிட்டால் 18,000 ரூபாய் உங்கள் கையைவிட்டுப் போகும். ரசீதில் இரண்டையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.

தகடு ஏறியதும் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, நெட் மீட்டர் வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கணிசமான ஒரு பகுதியை மீட்டர் வந்த பிறகுதான் தருவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அதுவரை சோலாரை ஓடவிடவும் வேண்டாம்: பழைய மீட்டர்களில் சில, நீங்கள் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் நீங்கள் செலவழித்ததாகவே கணக்கிட்டுவிடும்.

இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பேட்டரி இல்லாத இந்த அமைப்பு, மின்வெட்டின்போது நல்ல வெயிலிலும் நின்றுவிடும். உங்கள் மின்சாரம் வெளிக் கம்பிக்குப் போய், அதில் வேலை செய்யும் ஊழியருக்கு ஆபத்து வராமலிருக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

மின்வாரிய அலுவலகத்தில் கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இணையதளத்தில் உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் நிற்கிறது என்பதை அவ்வப்போது படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கும்போது அதிகாரி முதலில் கேட்பது அந்த விண்ணப்ப எண்ணைத்தான்.