மொனிட்டர்: உசாத்துணை ஒலிபெருக்கி

கொழும்பில் 'மொனிட்டர்' என்றால் ஆளுக்கொரு பொருள். பள்ளிக்கூடத்தில் அது வகுப்புத் தலைவர், பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் கணினித் திரை, ஆஸ்பத்திரியில் இதயத்துடிப்பைக் காட்டும் கருவி. கால்வாயோரம் வெயில் காயும் கபரகொய்யாவின் ஆங்கிலப் பெயரிலும் இதே சொல்தான் இருக்கிறது. ஒலிப்பதிவுக்காரர் தேடுவது இன்னொன்றை: பதிவிலுள்ள பிழையைக் காட்டிக்கொடுக்கும் ஒலிபெருக்கியை. 'ஸ்டூடியோ' என்று முன்னால் சேர்க்காமல் கேட்டால் கடைக்காரர் திரையைத்தான் எடுத்து வைப்பார்.

வேர் இலத்தீன். 'மொனேரே' என்றால் எச்சரித்தல், அறிவுரை சொல்லல். அதைச் செய்பவர் மொனிட்டர். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையின் வேலையும் ஏறக்குறைய அதுவே. 1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறங்கிய இரும்புக் கவசக் கப்பலுக்கு அதை வடிவமைத்த எரிக்சன் இப்பெயரைச் சூட்டியதும், தென்மாநிலத் தலைவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கையாக இருக்கும் என்ற எண்ணத்தில்தான். வானொலிக் கட்டுப்பாட்டறைகளில் சொல் வேறு வேலைக்குப் போனது: வெளியே போகும் ஒலி ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டுச் சரிபார்ப்பது மொனிட்டரிங், அதற்கு வைத்த பெட்டி மொனிட்டர். பிபிசியின் எல்எஸ்3/5ஏ என்ற சிறு பெட்டி வெளிக்கள ஒலிபரப்பு வாகனத்துக்குள் அடங்குவதற்காகவே உருவானது. யமஹாவின் என்எஸ்-10 நேரெதிர். 1978இல் வீட்டு ஸ்பீக்கராக வந்ததைக் கலையகங்கள் தாமாகவே எடுத்துக்கொண்டன. வேலையைக் குறித்த பெயர் இப்படித்தான் மெல்லமெல்லச் சரக்கின் பெயராகிவிட்டது. இன்று எந்தப் பெட்டியிலும் அதை அச்சடிக்கலாம். தடுக்க எந்த நியமமும் இல்லை.

தமிழில் என்ன சொல்வது? 'கண்காணிப்பு ஒலிபெருக்கி' என்றால் சிசிடிவி கமெராவின் தம்பி போல ஒலிக்கிறது. இலங்கைத் தமிழில் அன்றாடம் புழங்கும் 'உசாத்துணை' பொருத்தமாக அமைகிறது. நூலகத்தில் உசாத்துணை நூல் என்கிறோம். பழைய வழக்கில் உசாத்துணை என்றால் கலந்து யோசனை கேட்கத்தக்க துணைவர். இலத்தீன் வேரிலுள்ள அறிவுரைப் பொருளும் இதில் வந்துவிடுகிறது. ஆகவே எழுத்தில் 'உசாத்துணை ஒலிபெருக்கி', பேச்சில் 'மொனிட்டர்'. மேடையில் பாடகரின் காலடியில் சாய்த்து வைப்பதையும் மொனிட்டர் என்பார்கள். அதன் வேலை பாடகருக்குத் தன் குரலைக் கேட்க வைப்பது, பதிவைச் சோதிப்பது அல்ல. அதை 'மேடை மொனிட்டர்' என்றே விட்டுவிடலாம்.

அடுத்த குழப்பம் 'பவர்ட்' என்ற அடைமொழி. நம் பாடநூல்களில் பவர் என்பது வலு (தமிழ்நாட்டில் திறன்), அம்ப்ளிஃபயர் என்பது விரியலாக்கி. பெட்டிக்குள்ளேயே விரியலாக்கி இருந்தால் அது வலுவுள்ள ஒலிபெருக்கி. 'அக்ரிவ்' (active) என்பது இன்னும் குறுகிய பொருளுடையது: தாழ்சுருதியையும் உச்சசுருதியையும் பிரிக்கும் வேலை விரியலாக்கிக்கு முன்னரே முடிந்து, தாழ்சுருதி தரும் வூஃபருக்கும் உச்சசுருதி தரும் ட்வீட்டருக்கும் தனித்தனி விரியலாக்கி இருக்கவேண்டும். பின்லாந்தின் ஜெனலெக் 1978இல் அந்நாட்டு வானொலிக்குச் செய்த எஸ்30 இவ்வகை. மலிவான மேசைச் சோடிகள் பலவற்றில் ஒரு பெட்டிக்குள்தான் விரியலாக்கி இருக்கும், மற்றதற்கு வெறும் கம்பி ஓடும். அது வலுவுள்ளது, ஆனால் அக்ரிவ் அல்ல. பார்க்கப்போனால், விரியலாக்கி உள்ளே ஏறிய பிறகுதான் 'ஒலிபெருக்கி' என்ற நம் சொல்லுக்கே அர்த்தம் முழுமையாகிறது.

'நியர்ஃபீல்ட்' இரண்டு பொருளில் புழங்குகிறது. ஒன்று, சுமார் 1 மீற்றர் தூரத்தில் இருந்து கேட்பதற்கான பெட்டி. மற்றது, ஒலிவாங்கியை வூஃபரின் நடுக்குமிழிலிருந்து 5 மில்லிமீற்றருக்குக் கொண்டுபோய் எடுக்கும் அளவீடு. முதலாவதை 'அண்மைக் கேட்பு' என்றும் இரண்டாவதை 'ஒட்டு அளவீடு' என்றும் பிரித்து எழுதினால் பாதிக் குழப்பம் தீரும்.

பெயர் எதற்கும் உத்தரவாதமில்லை என்பதால் அளந்துதான் பார்க்கவேண்டும். விவரத்தாளை நம்பி ஒப்பிட்டால் ஏமாற்றம் நிச்சயம். யமஹா எச்எஸ்5இன் மீடிறன் (தமிழ்நாட்டில் அதிர்வெண்) வீச்சு 54 ஹேர்ட்ஸிலிருந்து என்று விளம்பரங்கள் சொல்லும். அது ஒலி 10 டெசிபெல் விழுந்துவிட்ட இடம். 3 டெசிபெல் விழும் இடம் 74 ஹேர்ட்ஸ். பெட்டி ஒன்றுதான், இலக்கம் மட்டும் இரண்டு. எத்தனை டெசிபெல் வீழ்ச்சியில் என்று சொல்லாத வீச்சைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

தேவையானவை: அளவுதிருத்தக் கோப்புடன் வரும் யுஎஸ்பி ஒலிவாங்கி (யுமிக்-1 போன்றது), ஆர்ஈடபிள்யூ என்ற இலவச மென்பொருள், உறுதியான ஒரு தாங்கி. மின்விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். மெரின் டிரைவ் பக்கம் வீடென்றால் ரயில் போய் முடியும்வரை பொறுங்கள். அதன் அதிர்வு தாழ்சுருதியில் அப்படியே பதிவாகும். பெட்டியின் பின்பக்க ஆளிகள் எல்லாம் 0இல் இருக்கட்டும். எச்எஸ்5இல் 500 ஹேர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபெல் குறைக்கும் ஆளி உண்டு. முன்னர் பாவித்தவர் அதைத் தட்டிவிட்டிருந்தால் நீங்கள் அளப்பது அவருடைய அறைக்கான திருத்தத்தை.

10 அடி உயர அறையில் ட்வீட்டரைத் தரைக்கும் கூரைக்கும் நடுவே 1.5 மீற்றர் உயரத்தில் நிறுத்தி, அதே உயரத்தில் 1 மீற்றர் தள்ளி ஒலிவாங்கியை வையுங்கள். சுவர்களும் தளபாடங்களும் 1.5 மீற்றரைவிடத் தூரத்தில் இருக்கவேண்டும். தரையில் பட்டுத் தெறிக்கும் ஒலி 3.16 மீற்றர் பயணிக்கிறது. நேர் ஒலியைவிட ஏறக்குறைய 6 மில்லி செக்கன் பிந்தி வருகிறது. மென்பொருளின் கால வாயிலை (பதிவில் எதுவரை கணக்கில் எடுப்பது என்ற எல்லையை) அதற்கு முன் மூடிவிட்டால் அறையின் பங்கு நீங்கி, பெட்டியின் ஒலி மிஞ்சும். ஆனால் 6 மில்லி செக்கனுக்குள் ஒரு முழு அலைகூட அடங்காது என்பதால் 160 ஹேர்ட்ஸுக்குக் கீழே கோடு மட்டும் இருக்கும், தகவல் இராது. அந்தப் பகுதியை ஒட்டு அளவீட்டால் நிரப்பி, 200 முதல் 300 ஹேர்ட்ஸுக்குள் ஓரிடத்தில் இணைக்கவேண்டும். காற்றுத் துளையுள்ள பெட்டியில் துளையின் வாயையும் தனியே அளந்து, வூஃபரின் பரப்போடு ஒப்பிட்டுக் குறைத்துக் கூட்டவேண்டும். பலர் சறுக்குவது இதற்குப் பிறகு. ஒட்டு அளவீட்டில் முகப்புப் பலகையின் விளைவு பதிவாகாது. 17, 18 சென்ரிமீற்றர் அகலப் பெட்டியில் தாழ்ந்த ஒலி பின்பக்கமும் சுற்றிப் பரவுவதால் முன்னால் கேட்கும் மட்டம் படிப்படியாக, கடைசியில் 6 டெசிபெல் வரை, குறையும். இதைச் சேர்க்காமல் ஒட்டினால் 5 அங்குல வூஃபருக்கு இல்லாத பாஸ் வரைபடத்தில் பொங்கி நிற்கும்.

பிறகு ட்வீட்டரை அச்சாக வைத்துப் பெட்டியை 15, 30, 45, 60 பாகைகளுக்குத் திருப்பி அளந்து பாருங்கள். ஒலிபெருக்கி அளவீட்டுக்கான சிடிஏ-2034 நியமம் 10 பாகைக்கு ஒன்றாக 70 அளவீடுகள் கேட்கிறது. வீட்டில் இந்த நான்கு, அவற்றோடு மேலும் கீழும் 15 பாகை போதும். பக்கக் கோடுகள் ஒழுங்காகச் சரிந்தால் நல்லது. 2 முதல் 3 கிலோஹேர்ட்ஸில் ஒரு பள்ளமும் அடுத்து ஒரு மேடும் தெரிந்தால், வூஃபர் ட்வீட்டரிடம் கைமாற்றும் இடத்தில் சிக்கல்.

வரைபடத்தைப் பார்க்கும்போது நிலைக்குத்து அச்சைக் கவனியுங்கள். 100 டெசிபெலை ஒரு தாளில் அடக்கினால் எந்தப் பெட்டியும் நேர்கோடாகிவிடும், 50 போதும். கோட்டை மூன்றில் ஒரு ஒக்டேவ் அகலத்துக்குச் சராசரியாக்கி மெழுகுவதும் அதே தந்திரம், 24இல் ஒரு பங்கில் பாருங்கள்.

இரண்டு பெட்டிகளைக் காதால் ஒப்பிடுவதென்றால் சத்த மட்டம் முதலில். சற்றுக் கூடச் சத்தம் போடுவதுதான் எப்போதும் 'தெளிவானது' என்று தோன்றும். விரியலாக்கி வெளியே உள்ள பெட்டிகளில் முனைகளில் 2.83 வோல்ற் கொடுத்து எது எவ்வளவு சத்தம் தருகிறது என்று ஒப்பிடலாம். வலுவுள்ளவற்றில் அந்த முனை பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது, பின்பக்கக் குமிழின் குறிகளுக்கும் துல்லியம் கிடையாது. 500 முதல் 2000 ஹேர்ட்ஸ் வரை மட்டுப்படுத்திய பிங்க் நொய்ஸை (சோதனைக்கான ஒருவகை இரைச்சலை) ஓட்டி, ஒலிவாங்கியில் 0.2 டெசிபெலுக்குள் பொருத்துங்கள். ஒரேயிடத்தில் மாறிமாறி வைத்து, ஒற்றைப் பெட்டியாகக் கேளுங்கள்.

சிறிய பெட்டிகளின் உண்மை உரத்த ஒலியில்தான் வெளிப்படும். 1 மீற்றரில் 76, 86, 96 டெசிபெல் என்று மூன்று முறை சுவீப் (தாழ்சுருதியிலிருந்து உச்சசுருதி வரை ஏறிப்போகும் சோதனை ஒலி) ஓட்டி, கோடுகளை ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். மூன்றும் ஒரே வடிவமென்றால் நல்ல பெட்டி. 96இல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே மட்டும் கோடு தாழ்ந்தால், உள்ளிருக்கும் கட்டுப்படுத்தி வூஃபரைக் காப்பாற்றுகிறது என்று பொருள். அங்கே அந்தப் பெட்டி உசாத்துணையாக இருப்பதை நிறுத்திவிட்டது.

கடைசியில் எதையும் ஓட்டாமல் காதை ட்வீட்டருக்கு அருகில் வைத்துக் கேளுங்கள். உஸ் என்ற இரைச்சல் விரியலாக்கியுடையது, 1 மீற்றரில் கேட்காவிட்டால் விட்டுவிடலாம். 'ம்ம்' என்ற உறுமல் நம் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும். சீமெந்துச் சுவரும் தரை ஓடுமுள்ள 11 அடி நீள அறையின் முதற் பரிவு (ஒத்ததிர்வு) 52 ஹேர்ட்ஸ் அளவில் விழுவதால், சுவரோரம் அந்த உறுமல் இன்னும் தடித்துக் கேட்கும். மடிக்கணினியின் சாதாரண ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுத்த கம்பிதான் வழக்கமான காரணம். ஒலி இடைமுகத்திலிருந்து (audio interface) சமநிலைக் கம்பி (balanced cable) போட்டால் பெரும்பாலும் போய்விடும். உறுமலை நிறுத்த ஏர்த் கம்பியைக் கழற்றும் பழக்கம் இங்கே உண்டு, அதை மட்டும் செய்யாதீர்கள். பெட்டிக்குள் 230 வோல்ற் இருக்கிறது.