இரண்டு கோடு எப்படி விழுகிறது?

நாள் தள்ளிப்போனதும் மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனை கிட் வாங்கிப் பார்க்கிறோம். அந்த அட்டைக்குக் கருவைப் பற்றி எதுவும் தெரியாது. சிறுநீரில் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் இருக்கிறதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

முட்டை வெளிப்பட்டுக் கருவாகி, கருப்பைச் சுவரில் பதியப் பெரும்பாலும் 8 முதல் 10 நாள் ஆகும். பதிந்த பிறகே எச்.சி.ஜி. தாயின் ரத்தத்தில் சேரத் தொடங்குகிறது. கருப்பையின் உட்சுவரைத் தக்கவைக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சினைப்பையில் சுரப்பது நின்றுவிடாமல் இதுதான் காக்கிறது. அதனால்தான் மாதவிலக்கு வருவதில்லை. தொடக்கத்தில் 2, 3 நாளுக்கு ஒருமுறை இதன் அளவு இரட்டிப்பாகும். பல கிட்டுகளுக்கு மில்லிலிட்டருக்கு 25 மில்லி யூனிட் தேவை. அந்த மாதம் முட்டை தாமதமாக வெளிப்பட்டிருந்தால், நாள் தள்ளிப்போன பிறகும் அந்த அளவு எட்டியிருக்காது. ஒற்றைக் கோடுதான், ஆனால் மாதவிலக்கும் வரவில்லை என்றால், 3 நாள் கழித்துப் புது அட்டையில் பாருங்கள்.

காலையில் முதலில் போகும் சிறுநீரே நல்லது. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் ஹார்மோன் நீர்த்துப்போகும். உறையில் சொன்னபடி, வழக்கமாக 2 அல்லது 3 சொட்டு, குழியில் விடுங்கள். உள்ளே நுண்ணிய தங்கத் துகள்கள் ஒட்டிய எதிர்ப்பொருள்கள் காத்திருக்கும். சிவப்பு நிறம் அந்தத் தங்கத்தால் வருவது. அவை எச்.சி.ஜி.யைப் பற்றிக்கொண்டு சிறுநீரோடு நகரும். 'டி' கோட்டில் இருக்கும் இன்னோர் எதிர்ப்பொருள் அந்த எச்.சி.ஜி.யைப் பிடித்து நிறுத்த, நிறம் அங்கே தேங்குகிறது. மீதித் துகள்கள் அடுத்துள்ள 'சி' கோட்டில் நிற்க, இரண்டு கோடு விழுகிறது. ஹார்மோன் இல்லையென்றால் துகள்கள் 'டி'யைக் கடந்து 'சி'யில் மட்டும் நிற்கும். 'சி'யே விழவில்லையா? அட்டை பழுது; முடிவு செல்லாது.

5 நிமிடத்தில் பாருங்கள். மங்கலானாலும் நிறமுள்ள கோடு கோடுதான். நெடுநேரம் கழித்துச் சாம்பல் நிறத்தில் தெரிவது சிறுநீர் காய்ந்த தடம். குழந்தைப்பேறு சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டவர்களுக்கும் அண்மையில் கரு கலைந்தவர்களுக்கும் கர்ப்பமில்லாமலே இரண்டு கோடு வரலாம்.

மார்பு வலி, அசதி போன்றவற்றை மட்டும் நம்ப வேண்டாம். மாதவிலக்குக்கு முன்னும் அவை வரும். மசக்கை பலருக்கு 6-ஆம் வாரத்தை ஒட்டித்தான் தொடங்குகிறது.

கரு, கருப்பைக்குப் பதிலாகக் கருக்குழாயில் தங்கியிருந்தாலும் அட்டை இரண்டு கோடுதான் காட்டும். நாள் தள்ளிப்போயிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, ரத்தக்கசிவு, மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி இருந்தால் அட்டையில் என்ன வந்திருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.