மைக் வாங்கும் முன் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள்

போன வாரம் காங்கேயத்திலிருந்து ஒரு ஆடியோ வந்தது. குழந்தைகளுக்குக் கதை சொல்லும் ஒரு சகோதரி பதிவு செய்தது. அருமையான குரல். ஆனால் கிணற்றுக்குள் இறங்கி நின்று பேசுவதுபோல அப்படி ஒரு எக்கோ. கூடவே கேள்வி: "ஏனுங்ணா, இதைவிட நல்ல மைக்கா வாங்கிட்டா சரியாப் போயிருமுங்ளா?" கையில் இருப்பதே 20,000 ரூபாய் மைக். சீட்டு எடுத்து வாங்கியிருக்கிறார்.

கோவையில் ரெக்கார்டிங் வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி வராத மாதமில்லை. ஒவ்வொருவருக்காகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

பதிவு செய்யும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல். மைக் மேசைமேல், அவர் ஒன்றரை அடி தள்ளி நாற்காலியில். அதோடு மைக்கின் உச்சியைத் தன் வாய்க்கு நேராகச் சாய்த்து வைத்திருந்தார். அது பக்கவாட்டில் பேச வேண்டிய மைக். ஸ்டுடியோவில் வைக்கும் கண்டென்சர் வகை மைக்குகள் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும், மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும்) பெரும்பாலும் அப்படித்தான். மேடையில் எஸ்எம்58 மாதிரி டைனமிக் வகைக் கைமைக்கின் நுனியில் பேசிப் பழகியவர்கள் இதையும் அதேபோலத் திருப்பிவிடுகிறார்கள். எந்தப் பக்கம் பேச வேண்டும் என்று மைக்கோடு வரும் தாளிலேயே போட்டிருக்கும். அதை யாரும் பிரிப்பதில்லை. மைக்கைத் திருப்பி, மெத்தையும் துணி அலமாரியும் இருக்கும் படுக்கையறைக்குப் போகச் சொன்னேன். அதே மைக்தான், எக்கோ முக்கால்வாசி போய்விட்டது.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, "கண்டென்சர் சுத்தியிருக்கற சத்தத்தையெல்லாம் இழுக்கும், டைனமிக் இழுக்காது" என்கிற பேச்சு. எந்த மைக்கும் எதையும் இழுப்பதில்லைங்க. தன்னிடம் வந்து சேரும் ஒலியை மின்சாரமாக மாற்றுகிறது, அவ்வளவுதான். கண்டென்சர் கொஞ்சம் சத்தத்துக்கே நிறைய சிக்னல் கொடுக்கும். டைனமிக் குறைவாகக் கொடுக்கும். சரி, அது உங்கள் குரலுக்கும் குறைவாகத்தானே கொடுக்கும்? குரல் போதவில்லை என்று கெயினை, அதாவது சிக்னலைப் பெரிதாக்கும் அளவை, கூட்டினால் பக்கத்து வீட்டுக் கிரைண்டரும் கூடவே ஏறி வரும். இரண்டுமே கார்டியாய்டு, அதாவது முன்பக்கச் சத்தத்தை அதிகமாகவும் பின்பக்கச் சத்தத்தைக் குறைவாகவும் எடுக்கும் வகை, என்று வையுங்கள். ஒரே தூரத்தில் வைத்துப் பேசினால் குரலும் அறைச் சத்தமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கலந்து வரும். டைனமிக் சுத்தமாகக் கேட்பது எதனால்? அதை எல்லோரும் வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார்கள், அதனால்.

தூரத்தைப் பாதியாக்கினால் மைக்கில் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும். சுவரில் பட்டுத் திரும்பி வருவது அப்படியே இருக்கும். ஒன்றரை அடியிலிருந்து அரை அடிக்கு வந்தால் 9 டெசிபலுக்கு மேல் லாபம், பைசா செலவில்லை. ரொம்பவும் ஒட்டிக்கொள்ளாதீர்கள், குரலில் கனம் கூடிவிடும். "ப" வரும்போது டப் டப்பென்று அடித்தால் மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்று ஓரமாக வையுங்கள், மூச்சுக் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் ஒன்றும் மாட்டுங்கள்.

யூடியூபர்கள் வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறார்களே, அந்த எஸ்எம்7பி டைனமிக் மைக்கைக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்ன இன்டர்ஃபேஸ் பெட்டியில் செருகி, கெயினை முழுக்கத் திருகிவிட்டு, "உஸ்ஸுனு சத்தம் வருது" என்று என்னிடம் வராதீர்கள்.

இப்போது அறை. நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். சத்தம் உடனே அடங்காமல் ரீங்கரித்தால் மைக் பணத்தைத் தொடாதீர்கள். நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதாலோ என்னவோ, நம் ஊரில் ஆளாளுக்குச் சுவரில் முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். அது வெளிச் சத்தத்தைத் தடுக்காது, எக்கோவையும் பெரிதாகக் குறைக்காது, தீப்பிடித்தால்தான் வேலை செய்யும். பவானி ஜமக்காளத்தை ஒற்றையாகத் தொங்கவிட்டாலும் போதாது. நாலாக மடித்துச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளித் தொங்கவிடுங்கள். அதைவிட நல்லது, ஒரு பழைய இலவம்பஞ்சு மெத்தையை முதுகுக்குப் பின்னால் நிமிர்த்தி வைப்பது.

பல்லடம், சோமனூர்க்காரர்களுக்குத் தறிச் சத்தம் தரை வழியாகவும் சுவர் வழியாகவும் வரும். அதை எந்த ஃபோமும் நிறுத்தாது. தறி நிற்கும் நேரம் பார்த்துப் பதிவு செய்யுங்கள், வேறு வழியில்லை. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலை ஆட்டுகிற வீடுகளுக்கும் இதே கதிதான். "பின்னாடி கிளீன் பண்ணிக்கலாம்" என்று நம்பாதீர்கள். ஃபேன் இரைச்சலை ஓரளவு எடுத்துவிடலாம். எக்கோ என்பது உங்கள் குரலேதான், அதைச் சுரண்டினால் குரலும் சேர்ந்து கெடும்.

எதைத்தான் வாங்குவது? வீதிச் சத்தம் வரும் வீடென்றால், நெருங்கிப் பேசத் தோதான டைனமிக் வாங்கி வாயருகே வைத்துப் பேசுங்கள். அமைதியான, மெத்தை துணி நிறைந்த அறை அமைந்தால் கண்டென்சர். அது மூன்று முள் கேபிள் போடும் எக்ஸ்எல்ஆர் வகையென்றால், இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பேண்டம் பவர், அதாவது கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம், இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் பேசுவதற்கு யூஎஸ்பி மைக்கே தாராளம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாங்கியதும் பேசாமல் பத்து விநாடி பதிவு செய்யுங்கள். ஒலிப்புத்தகங்களுக்கு ஏசிஎக்ஸ் தளம் கேட்கிற அளவு, இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே. அதைத் தாண்டினால் முதலில் ஃபேனை நிறுத்துங்கள். அப்புறம் தயவுசெய்து, எனக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள். எஃபெக்ட் எதுவும் போடாத வேவ் ஃபைலை டாக்குமெண்டாக அனுப்புங்கள், அந்தப் பத்து விநாடியையும் வெட்டாமல்.