பிளானில் உடைந்த கோடு, சுவரில் விழுந்த ஜாயிண்ட்

வேலூர் காட்பாடி காந்தி நகர் பக்கம், என் ஆபீசில் பிளான் போட்ட ஒரு வீட்டு வேலை. கருங்கல் அஸ்திவாரம் முடிந்து, சுவர் சில் லெவலுக்கு, அதாவது ஜன்னலின் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. பக்கச் சுவரில் ஓர் இடத்தில் கீழிருந்து மேல் வரை ஒரே செங்குத்துக் கோடாக ஜாயிண்ட் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் சுவர் தனியாக எழும்பியிருந்தது. ஒரு வரிசையின் ஜாயிண்ட் மேல் அடுத்த வரிசையின் ஜாயிண்ட் வரக் கூடாது என்று அந்த மேஸ்திரிக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, என் வயதில் பாதி அவர் கரண்டி பிடித்த காலம். இருந்தாலும் கோபத்தோடுதான் கேட்டேன்.

“இன்னா சார், பிளான்ல நீங்கதான தனித்தனியா காட்டிக்கீறீங்க? குறுக்க ஒரு கோடு. இந்தாண்ட ஹேட்ச் வேற, அந்தாண்ட வேற. எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டுன்னு நெனச்சேன்.”

எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட் என்றால் சுவர் சூட்டில் விரிய வேண்டுமென்றே விடும் இடைவெளி. பிளானை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. சுவருக்குள் சாய்வாக ஓடும் ஹேட்ச் கோடுகள் அந்த இடத்தில் படிக்கட்டு போல விலகியிருந்தன. செங்கல்லைப் பெயர்த்து, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பல் விட்டுத் திரும்பக் கட்டினோம். அப்படியே விட்டிருந்தால் பூச்சு காய்ந்து கொஞ்ச நாளில் அதே கோட்டில் விரிசல் தலைகாட்டியிருக்கும். இரண்டு நாள் கூலி என் கையிலிருந்து போனது. போகட்டும், தப்பு என் ஆபீசில் நடந்தது.

ஹேட்ச் என்றால் சுவருக்கு அழகாகக் கோடு போடுவது என்றுதான் புதிதாகச் சேரும் டிராஃப்ட்ஸ்மேன்கள் நினைக்கிறார்கள். டிப்ளமோவில் எல்லோரும் படித்ததுதான், இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் வரைபடக் கையேடு எஸ்பி 46-லும் இருக்கிறது: ஒரே பொருளின் வெட்டுமுகத்தில் கோடுகள் ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் போக வேண்டும். பக்கத்தில் வேறு பொருள் வந்தால் சாய்வையோ இடைவெளியையோ மாற்ற வேண்டும். ஆக, கோடு உடைந்தால் ‘இங்கே வேறு ஒன்று ஆரம்பிக்கிறது’ என்று அர்த்தம். மேஸ்திரி அதைத்தான் படித்தார்.

எங்கே பிசகியது? வீட்டு அம்மா நடுவில் சமையலறையை இன்னும் இரண்டடி நீளமாகக் கேட்டார். என் ஆபீஸ் டிராஃப்ட்ஸ்மேன் பையன் பிளானில் பின்பாதியை அப்படியே பிடித்து 610 மி.மீ. நகர்த்தினான், முன்பாதிச் சுவரை இழுத்து அதோடு ஒட்டினான். நாங்கள் வரையும் ஆட்டோகேட் சாஃப்ட்வேரில் ஒரே பேட்டர்ன், ஒரே ஸ்கேல், ஒரே சாய்வு, ஒரே ஆரிஜின் என்றால் தனித்தனியாகப் போட்ட ஹேட்சுகளும் தானாக ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். ஆரிஜின் என்பது ஹேட்ச் கோடுகள் எங்கிருந்து ஓட ஆரம்பிக்கின்றன என்ற புள்ளி, வழக்கமாக வரைபடத்தின் பூஜ்யப் புள்ளி. ஆனால் ஹேட்சை நகர்த்தினால் அதன் ஆரிஜினும் கூடவே நகர்ந்துவிடும். அன்ஸி31 என்ற சாய்கோட்டுப் பேட்டர்னை மி.மீ. வரைபடத்தில் 25 ஸ்கேலில் போட்டிருந்தோம். அதில் கோடுகளுக்கு நடுவே சுமார் 79 மி.மீ. கோடு 45 டிகிரி சாய்ந்திருப்பதால் சுவரின் நீளவாக்கில் அளந்தால் சுமார் 112 மி.மீ. 610-ஐ 112-ஆல் வகுத்துப் பாருங்கள், ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அரைதான் வினை. நகர்த்தியது ஒன்றரை அடியாக இருந்திருந்தால் கோடுகள் கிட்டத்தட்டச் சேர்ந்தே இருந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டோம். இரண்டு எல்லைகளும் தனித்தனி பாலிலைன் (ஒரே தொடராக வரைந்த கோடு) என்பதால் நடுவே குறுக்குக் கோடு ஒன்றும் மிஞ்சியது.

இதற்கு என் ஆபீசில் இப்போது ஒரே வழிதான். ஒரே பொருளில் ஒட்டிப் போகும் சுவர் என்றால் நடுக்கோட்டை அழித்துவிட்டு, முழுதும் ஒரே பாலிலைன், ஒரே ஹேட்ச். அப்படி முடியாத இடத்தில் ஹேட்ச் எடிட்டில் போய், இரண்டுக்கும் பொதுவான ஒரு மூலையை ஆரிஜினாக கிளிக் செய்ய வேண்டும். பழைய ஹேட்சின் அமைப்பை ‘இன்ஹெரிட்’ மூலம் அப்படியே எடுத்தால் ‘சோர்ஸ் ஆரிஜின்’ என்பதைத் தேர்ந்தெடுக்கவும், இல்லாவிட்டால் பேட்டர்ன் மட்டும் வரும், இடம் சேராது. சாய்ந்த மனைக்காக யூசிஎஸ்ஸை, அதாவது வரைபடத்தின் அச்சுகளைத் திருப்பியிருந்தால் புது ஹேட்சும் கூடவே திரும்பும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்க்கிகேட் என்ற இன்னொரு சாஃப்ட்வேரில் பில்டிங் மெட்டீரியலிலேயே ஃபில் (அங்கே ஹேட்சுக்குப் பெயர்) எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்கும். புராஜெக்ட் ஆரிஜின் வைத்தால் சுவர்கள் தாண்டியும் கோடு தொடரும்.

உடைய வேண்டிய இடத்தில் உடையத்தான் வேண்டும். செங்கல் சுவர் முடிந்து ஹாலோ பிளாக் ஆரம்பிக்கும் இடம், கருங்கல் அஸ்திவாரத்தின் மேல் கான்கிரீட் பெல்ட் உட்காரும் இடம், இங்கெல்லாம் ஹேட்ச் வெளிப்படையாக வேறாகத் தெரியட்டும். கலரை நம்பாதீர்கள். சைட்டுக்குப் போவது ஜெராக்ஸ் கடையில் எடுத்த கறுப்பு வெள்ளைத் தாள், அதுவும் இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ. 1:50-இல் ஒன்பது இஞ்ச் சுவர் தாளில் 4.6 மி.மீ.தான் இருக்கும். அதற்குள் கோடுகளை நெருக்கி அடைத்தால் போட்டோவில் வெறும் கறுப்புப் பட்டைதான் மிஞ்சும்.

எலிவேஷனில், அதாவது சுவரை நேராகப் பார்க்கும் படத்தில், இந்த ஆரிஜின் வேறு மாதிரி வம்பு செய்யும். 3200 மி.மீ. சுவருக்கு 600 அகல கிரானைட். ஹேட்ச் பூஜ்யத்திலிருந்து ஓடியதால் படத்தில் இடது ஓரம் 70, நடுவில் ஐந்து முழுக் கல், வலது ஓரம் 130 என்று விழுந்திருந்தது. 70 மி.மீ. துண்டை வெட்டி ஒட்ட எந்த டைல்ஸ்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆரிஜினைச் சுவரின் நடுப்புள்ளிக்கு மாற்றியதும் நான்கு முழுக் கல், இரண்டு ஓரமும் 400 என்று வந்தது. வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் பார்த்ததால் தப்பித்தோம்.

பிளான் சைட்டுக்குப் போகும் முன் ஒரு பிரிண்ட் எடுத்து அதே மேஸ்திரியிடம் காட்டுகிறேன். எதையும் விளக்குவதில்லை. எங்கெங்கே கோடு உடைகிறது என்று அவர் விரல் வைத்துச் சொல்ல வேண்டும். போன மாதம் சத்துவாச்சாரி வீட்டுக்கு நான்கு இடம் சொன்னார். நான் எண்ணி வைத்திருந்தது மூன்று.