ரெம்பிராண்ட் லைட்டிங்: கன்ன முக்கோண ஒளியமைப்பு

உருவப்படம் எடுப்பவர்கள் ‘ரெம்பிராண்ட் லைட்டிங்’ என்று சொல்வது ஓர் அடையாளத்தை வைத்துத்தான்: முகத்தின் நிழல் பக்கத்தில், கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் விழும் சின்ன வெளிச்ச முக்கோணம். அதன் மேல் ஓரம் கண், உள் ஓரம் மூக்கின் நிழல், வெளி ஓரம் கன்னத்தின் நிழல். இந்த இரு நிழல்களும் கீழே தொட்டால்தான் முக்கோணம் மூடும். கண்ணின் அகலத்தை மிஞ்சக்கூடாது, மூக்கு நுனிக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு.

பாதி முகம் இருட்டாக இருக்கும் படத்துக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள், அது சரியில்லை. மூக்கின் நிழல் கன்ன நிழலைத் தொடாமல் தனியே வளைந்து நின்றால் அது லூப். முக்கோணமே இல்லாமல் முகம் நேர்பாதியாகப் பிரிந்தால் அது ஸ்ப்ளிட்.

ரெம்பிராண்ட் வான் ரைன் (1606–1669) நெதர்லாந்து ஓவியர். ரெம்பிராண்ட் என்பது குடும்பப் பெயர் அன்று, அவருக்கு இட்ட பெயர். 1633 முதல் அதையே ஓவியங்களில் கையொப்பமாக இட்டார். உயரத்திலிருந்து ஒரு பக்கமாக இறங்கும் ஒளியில் முகங்களை வரைந்தவர் என்பதால் அவர் பெயர் இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. இதைப் பற்றிச் சினிமாவில் ஒரு கதை உண்டு. 1915-இல் வெளியான ‘தி வாரன்ஸ் ஆஃப் வர்ஜீனியா’ படத்தில் இயக்குநர் செசில் பி. டிமில், ஒளிப்பதிவாளர் ஆல்வின் வைகாஃபுடன் சேர்ந்து, நடிகர் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஸ்பாட்லைட் விழவிட்டார். பாதி முகம்தான் தெரிகிறது, தியேட்டர்காரர்கள் பாதிப் பணம்தான் தருவார்கள் என்று வியாபாரத்தைக் கவனித்த பங்காளி சாமுவேல் கோல்ட்வின் பதறினாராம். ‘இது ரெம்பிராண்ட் லைட்டிங்’ என்று பதில் போனதும், அப்படியானால் இரட்டிப்பாகக் கேட்கலாம் என்றாராம். டிமில் தாமே சொன்ன கதை இது. அன்றைக்கு அந்தச் சொல் நிழல் மிகுந்த முகம் எதற்கும் பொருந்தியது. புகைப்பட ஸ்டுடியோக்களில் புழங்கிப் புழங்கித்தான் முக்கோணம் என்ற குறுகிய பொருளுக்கு வந்து சேர்ந்தது.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘லைட்டிங்’குக்கு ‘வெளிச்சம்’ போதாது. விளக்கை எங்கே, எந்தக் கோணத்தில் வைக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல ‘ஒளியமைப்பு’தான் பொருத்தம். பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ராமன் விளைவு என்று எழுதுவதைப் போல ‘ரெம்பிராண்ட் ஒளியமைப்பு’ என்று எழுதலாம். ஆனால் கற்றுக்கொடுக்கும்போது ‘கன்ன முக்கோண ஒளியமைப்பு’ என்பதே மேல். எதைத் தேட வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. விளக்கைப் பக்கவாட்டிலும் உயரத்திலும் 45 பாகையில் வைப்பது வழக்கம் என்பதற்காக ‘45 பாகை ஒளி’ என்று எழுதுவது மட்டும் வேண்டாம். மூக்கு சப்பையாக இருந்தாலோ கண்கள் உள்வாங்கியிருந்தாலோ அந்தக் கோணத்தில் முக்கோணம் விழாது.

இருந்தாலும், தொடங்குவதற்கு 45 பாகைதான் வசதி. வீட்டு அறையில் முதலில் இடிப்பது கூரை. மாடலிடமிருந்து விளக்கு கிடைமட்டமாக 1 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். 45 பாகையில் ஒளி இறங்க, கண் மட்டத்துக்கு மேல் இன்னொரு மீட்டர் உயரம் வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்தவரின் கண் 1.2 மீட்டரில் இருந்தால் விளக்கு 2.2 மீட்டரில் நிற்கும், 2.7 மீட்டர் கூரைக்குள் அடங்கிவிடும். அவரே எழுந்து நின்றால் விளக்கு ஏறக்குறைய 2.55 மீட்டருக்குப் போக வேண்டும், அதன் சாஃப்ட்பாக்ஸ் (ஃபிளாஷ் விளக்கின் ஒளியை மென்மையாக்கும் துணிப் பெட்டி) கூரையில் முட்டும். அதனால் உட்காரவைத்தே எடுங்கள். சாஃப்ட்பாக்ஸ் 60 செ.மீ. அளவு போதும். 120 செ.மீ. பெட்டியை இவ்வளவு கிட்டத்தில் வைத்தால் நிழலின் ஓரம் கரைந்து, முக்கோணமும் அதோடு கரைந்துவிடும்.

அடுத்த தொல்லை வெள்ளைச் சுவர். ஒளி அதில் பட்டுத் திரும்பி நிழல் பக்கத்தை நிரப்பிவிடும். எவ்வளவு நகர்த்தினாலும் படம் தட்டையாகவே வரும். நிழல் பக்கம், படத்தில் விழாதபடி, கறுப்புத் துணி தொங்கவிட வேண்டும். ஒளி பக்கங்களில் சிதறாமல் தடுக்கும் தேன்கூட்டு வலையையும் சாஃப்ட்பாக்ஸில் மாட்டினால் இன்னும் நல்லது. நிழல் அளவுக்கு மீறிக் கறுத்தால் துணிக்குப் பதில் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. வெளிச்சப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் 2 ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு), அதாவது 4:1, இந்த அமைப்புக்கு நன்றாக உட்காரும்.

கேமராவில் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளையை எஃப்/8, ஷட்டரை 1/160 நொடி என்று வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். முழுக் கறுப்பாக வந்தால்தான் அறை வெளிச்சம் குறுக்கிடவில்லை என்று பொருள். ஃபிளாஷோடு எடுக்கும்போது, பல கேமராக்களில் ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250 நொடியைத் தாண்டினால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். பிறகு ஃபிளாஷின் மாடலிங் விளக்கை (நிழல் எங்கே விழும் என்று காட்ட, அணையாமல் எரியும் சிறு விளக்கு) போட்டு, கேமரா இருக்கும் இடத்திலிருந்தே கன்னத்தைப் பாருங்கள்; விளக்குக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் வேறு முகம்தான் தெரியும். நிழல்கள் தொடவில்லையா, விளக்கு முன்பக்கம் அதிகமாக வந்திருக்கிறது, பக்கவாட்டில் தள்ளுங்கள். மூக்கின் நிழல் கீழிறங்காமல் கன்னத்தில் குறுக்கே ஓடினால் விளக்கை உயர்த்துங்கள். முக்கோணம் இருந்தும் கண்ணில் ஒளிப்புள்ளி இல்லையென்றால் புருவம் மறைக்கிறது. விளக்கைக் கொஞ்சம் இறக்குங்கள். அந்தப் புள்ளி இல்லாத கண்ணில் உயிர் இருக்காது, முக்கோணம் எவ்வளவு கச்சிதமாக விழுந்தாலும்.

இந்த அமைப்பில் மாடல் தலையைச் சற்றே திருப்பினாலும் முக்கோணம் போய்விடும். ஸ்டூல் கால்களுக்குத் தரையில் டேப் ஒட்டுங்கள். ‘இடது’, ‘வலது’ என்று சொன்னால் உங்கள் இடதா அவர் இடதா என்று குழம்புவார். ‘மூக்கை விளக்குப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க’, ‘தாடையை ஒரு விரல் அளவு தூக்குங்க’ என்று சொல்லிப் பாருங்கள். முக்கோணம் இருண்டு மூடினால் முதல் வாக்கியம். புருவ நிழல் கண்ணை மறைத்தால் இரண்டாவது.